பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

"ரெண்டு நாளா பச்சைத் தண்ணியைத் தவிர எதையும் தொடலை டாக்டர்."

"நம்பறேன்." டாக்டர் இரண்டாவது தாளை என் பக்கம் தள்ளினார். "ஆனா இது மூணு மாச சர்க்கரையோட சராசரிம்மா. ரெண்டு நாள் பட்டினிக்கெல்லாம் மசியாது."

மாட்டிக்கொண்டேன்.

தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு படுக்கை. என்னுடையது பொருந்தியது. 'எட்டு கிலோ குறைங்க, சர்க்கரையை இறக்குங்க, ஆபரேஷனுக்குத் தேதி தர்றேன்' என்று மூன்று மாதம் முன்பு சொன்னவர்தான் இவர்.

வீட்டில் அரை வயிறுதான் சாப்பிட்டேன், எல்லோரும் பார்க்க. யாரும் பார்க்காத இடம் ஒன்று இருந்தது. நான் டிரைவிங் கற்றுத்தரும் கார். ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறும்வரை பத்து நிமிடம். பேக்கரியில் வாங்கிய கிரீம் பிஸ்கட். ஒன்றே ஒன்று என்று பிரிப்பேன். பாக்கெட் தீர்ந்தால்தான் கை நிற்கும். பசி இல்லை அது. பசியென்றால் அடங்கியிருக்குமே. காலி உறையை சீட்டுக்கடியில் திணித்து, 'நாளையிலிருந்து' என்பேன். தொண்ணூறு நாளும் அதையேதான் சொன்னேன். இன்று டாக்டரிடம் அத்தனையையும் ஒப்புக்கொண்டேன்.

"இப்ப எடுத்தா நாளைக்கு நீங்களும் அதே மெஷினுக்கு வருவீங்க. நான் எடுக்க மாட்டேன்" என்றார் டாக்டர். "இது வெறும் நாக்கு ருசி இல்லம்மா. குடியை விட முடியாதவங்க மாதிரிதான். அதுக்கும் வைத்தியம் இருக்கு. அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். வழக்கமாக நான் உட்காரும் பக்கத்து சீட்டில், வெளியே காத்திருந்த தம்பி. அந்த சீட்டுக்கும் தனி பிரேக் உண்டு. எட்டு வருடத்தில் எத்தனையோ சுவர்களை அதை மிதித்துத்தான் காப்பாற்றியிருக்கிறேன்.

"என்னக்கா, தேதி குடுத்தாரா?"

சொன்னேன். எல்லாவற்றையும். அவன் கண்ணாடி வழியே ரோட்டையே பார்த்தான்.

"சீட்டுக்கடியில காலை வெச்சாலே சரசரங்குது. போன மாசமே பாத்துட்டேன்."

"ஏன்டா கேக்கலை?"

"உடம்புல ஒண்ணைக் கேட்டாச்சு. பிஸ்கட்டையும் எப்படிக்கா புடுங்கறது?" சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "எனக்காகத்தான் கேக்கறேன்னு நெனைச்சுடுவியோன்னு வாயை மூடிக்கிட்டேன். தப்பு பண்ணிட்டேன்."

"நீயா தப்பு பண்ணே?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிக்னலைத் தாண்டினேன்.

கார் குலுங்கி நின்றது. என் கால் ஆக்ஸிலேட்டரில்தான் இருந்தது. குனிந்து பார்த்தேன். பக்கத்து பிரேக்கின் மேல் தம்பியின் வீங்கிய பாதம்.

"நேரா போக்கா" என்றான்.

அப்போதுதான் பார்த்தேன். ஸ்டியரிங் பாதி திரும்பியிருந்தது. இண்டிகேட்டர் டிக் டிக் என்று பேக்கரிப் பக்கம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

நான் போட்டதாக எனக்கு நினைவே இல்லை.