கூரையில்லாத அம்மன்

கதிர்வேல் நல்லவர்தான். நல்லவர் கையில் நாலு காசு சேர்ந்தால் நேராகக் கோயிலைப் பார்த்துத்தான் நடப்பார். அதுதான் அவர் மனைவி வசந்தாமணிக்குக் கவலை.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய குலதெய்வம் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் வேம்பும் உசிலையும் வட்டம் கட்டி நிற்கின்றன. கிழக்கே மட்டும் ஒரு மரமும் கிடையாது. அம்மன் கண்ணில் கொல்லிமலை படட்டும் என்று எந்தக் காலத்துப் புண்ணியவானோ இடம் விட்டு நட்டிருக்கிறான். வட்டத்துக்குள் போனால் ரோட்டு இரைச்சல்கூட அடங்கிவிடும். தலைச்சன் பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு வசந்தாமணி வாய்விட்டு அழ முடிந்த ஒரே இடம் அதுதான்.

ஆந்திராவில் ஆழ்துளைக் கிணறு போடப் போன ரிக் லாரி கவிழ்ந்து, நசுங்கிய கேபினுக்குள்ளிருந்து கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தபோது, அம்மனுக்கு மண்டபம் கட்டுவதாக வேண்டிக்கொண்டார் கதிர்வேல். பிளானும் வந்தது. கிரானைட் தரை, கிழக்கே ஆளுயரச் சுவர். மரங்களில் பாதி போயாக வேண்டும். பங்காளிகள் கூடிக் கூடிப் பேசினார்கள். பெண்களை யார் கேட்டார்கள்? டீ கொடுக்கத்தான் கூப்பிட்டார்கள்.

கடைசியில் அம்மனிடம் பூக்கேட்பது என்று முடிவானது. இரண்டு பொட்டலம் வைப்பார்கள்; ஒரு குழந்தை அதில் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். சிவப்பு அரளி வந்தால் சம்மதம், வெள்ளை வந்தால் வேண்டாம். பொட்டலம் கட்டும் வேலை வசந்தாமணிக்கு வந்தது. அவள் இரண்டிலும் வெள்ளையையே வைத்துக் கட்டினாள்.

குழந்தை எடுத்துக் கொடுத்ததைப் பூசாரி மணியன் பிரித்தார்.

"ஆத்தா வேண்டாங்கறா சாமி."

பங்காளிகள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். கதிர்வேல் மட்டும் எழுந்திருக்கவில்லை. தோள் குலுங்கியது.

"நான் என்ன தப்புப் பண்ணுனேன் புள்ள? உசுரக் குடுத்தவ, என்ற கையால ஒண்ணும் வேண்டாங்கறாளே!"

பிள்ளை போனபோதுகூட அழாத மனுஷன். வசந்தாமணிக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மரத்தைக் காப்பாற்றப் போய் மனுஷனை இப்படி உடைத்துவிட்டோமே என்று பதறினாள். அம்மன் காலடியில் கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இதையும் பிரிச்சுப் பாருங்க."

பிரித்தார். அதிலும் வெள்ளை.

"அம்மன் வேண்டாங்கலீங்க. நாந்தானுங்க."

கத்தப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கதிர்வேல் பெருமூச்சு விட்டார்.

"அப்ப ஆத்தாளுக்கு எம்மேல கோவமில்ல?"

"இல்லீங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் கோபம் வந்தது. "எங்கிட்ட நேராச் சொன்னா என்ன?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "அப்படி இங்க என்னதான் வெச்சிருக்கற நீ?" என்று கேட்டார்.

"நம்ம பையனுக்கு அழுததெல்லாம் இங்கதானுங்க."

கதிர்வேல் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகினார். மரத்தைச் சாய்க்க வந்து ஓரமாகக் காத்திருந்த பொக்லைன் டிரைவரைப் பார்த்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினார். வண்டி ரோடு ஏறிப் போனது.

"எனக்குத்தான் அழுவறதுக்கு எடந் தெரியல புள்ள. அவன் போன அன்னிக்கே லாரி ஏறிப் போயிட்டேன்" என்றார்.

வசந்தாமணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.