முனையைப் பிடிக்க ஓர் ஆள்

கிழிந்த பாராகிளைடர் துணியை மேசையில் விரித்து, ஓட்டையின் மேல் ஒட்டுத்துணி வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் என் கொழுந்தன், புதிதாகச் சேர்ந்த ஏழு பேருக்குப் பறக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. அங்கே தும்மினால் இங்கே கேட்கும். முதல் நாள் வகுப்பில் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டே தீருவார். அன்று கேட்டவர் ஒரு பல் மருத்துவர்.

“ரெண்டுல எது சார் ஆபத்து கம்மி? பாராகிளைடரா, ஹேங் கிளைடரா?”

கொழுந்தன் வழக்கமான பதிலைச் சொன்னான். பாராகிளைடர் வெறும் துணியும் கயிறும்தான். மெதுவாகப் பறக்கும், மெதுவாக இறங்கும், சீக்கிரம் பழகிவிடும். ஹேங் கிளைடருக்கு அலுமினியச் சட்டம். வேகம் அதிகம், இறங்கும்போது கணக்குத் தப்பினால் கை முறியும். கடைசியில், தன் அண்ணன் அதில்தான் இறந்துபோனார் என்று சொல்லி நிறுத்திக்கொள்வான். அதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அந்த அண்ணன் என் கணவர். இருந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார். காற்று முரண்டு பிடித்தால் துணி ஒரு பக்கமாக மடங்கிச் சுருண்டுவிடும், சட்டம் மடங்காது என்பது அவர் கட்சி. தம்பியின் பாராகிளைடருக்கு அவர் வைத்த பெயர் போர்வை. இவருடையதற்குத் தம்பி வைத்த பெயர் ஏணி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் போர்வைக்கும் ஏணிக்கும் நடக்கும் சண்டையில் குழம்பு ஆறிப்போகும். இருவரும் சொன்னது உண்மைதான் என்று எனக்கு அப்போதே தெரியும். வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள் என்று எத்தனை முறை அதட்டியிருப்பேன். இப்போது அந்தச் சத்தத்துக்காகக் காது ஏங்குகிறது.

அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. தரை இறங்கியதும் போன் செய்து, “எறங்கிட்டேன்” என்பார். அவ்வளவுதான், வைத்துவிடுவார். இன்றும் சாயங்காலம் நான்கு மணி தாண்டினால் என் கண் தானாகப் போனுக்குப் போய்விடுகிறது.

உடலோடு கட்டிய பட்டையின் கொக்கி ஹேங் கிளைடரில் மாட்டப்படவில்லை, அதனால்தான் விழுந்தார் என்று விசாரணை அறிக்கை சொன்னது. மலை விளிம்பிலிருந்து ஓடிக் குதிக்குமுன் கொக்கியை மாட்டி, சட்டத்துக்குள் படுத்துத் தொங்கிப் பார்க்க வேண்டும். இன்னொருவர் எதிரே நின்று சட்டத்தின் முன்முனையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடம் அதைச் செய்யாமல் அவர் ஒரு நாளும் ஓடியதில்லை. முனையைப் பிடிப்பது எப்போதும் தம்பிதான். அப்படியிருக்க அன்று மட்டும் எப்படி? எத்தனை முறை கேட்டாலும் கொழுந்தனிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: “மறந்துட்டாரு அண்ணி.” போனவர் திரும்பமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவருடைய அந்தக் கடைசி ஐந்து நிமிடமாவது எனக்கு வேண்டியிருந்தது.

பல் மருத்துவர் அன்று விடவில்லை. “அப்ப உங்க அண்ணன் கொஞ்சம் அஜாக்கிரதையான ஆளா?”

கையில் இருந்ததை வைத்துவிட்டு எழுந்து வகுப்பு வாசலில் போய் நின்றேன். கொழுந்தன் என்னைப் பார்த்தான். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, மேசை விளிம்பில் உட்கார்ந்தான்.

“இல்ல. அவர மாதிரி ஜாக்கிரதையான ஆள் கெடையாது,” என்றான்.

பிறகு சொன்னான், ஏழு பேருக்கும் எனக்கும் சேர்த்து. அன்று அவர் கொக்கி மாட்டி, தொங்கிப் பார்த்திருக்கிறார். இவனும் முனையைப் பிடித்து, சரி என்று சொல்லியிருக்கிறான். கிளம்பத் தேவையான காற்று அதற்குள் நின்றுவிட்டது. காத்திருக்கும்போது, பள்ளத்தாக்கின் மேல் போன யாரோ ஒருவரின் பாராகிளைடர் ஒரு பக்கம் மடங்கி, மறுபடி விரிந்தது. போர்வை சுருங்குது பார் என்று அவர் சிரித்திருக்கிறார். வழக்கமான சண்டை. ஆனால் இவன் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டான்: உனக்கு வயசாயிடுச்சு, ஏணி தூக்க முடியல, அத ஒத்துக்கோ. அவர் கொக்கியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து, தம்பியின் பாராகிளைடர்க் கயிறுகளை இழுத்துக் காட்டி, இந்த நூலை நம்பியா உயிரை வைக்கிறாய் என்று கத்தியிருக்கிறார். அப்போது காற்று வந்துவிட்டது. அதே கோபத்தோடு போய்ச் சட்டத்தைத் தூக்கினார்.

“நான் முனையப் பிடிக்கத்தான் போனேன் அண்ணி. ‘நீ ஒண்ணும் பிடிக்க வேணாம், போடா’ன்னாரு. நானும் போயிட்டேன். எனக்கும் ரோஷம். திரும்பிக்கூடப் பாக்கல.”

அவன் மேல் கோபம் வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. அவருடைய முகம்தான் வந்தது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு விறுவிறுவென்று போவாரே, அந்த முகம். வீட்டில் எத்தனையோ முறை கோபித்துக்கொண்டு அப்படிப் போயிருக்கிறார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, டீ இருக்கா என்று கேட்பார். மலை விளிம்பில் அந்தப் பத்து நிமிடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

பல் மருத்துவர் தலை குனிந்துகொண்டார். கொழுந்தன் கரும்பலகையில் தான் எழுதியிருந்த ஒப்பீட்டை அழித்தான்.

“துணி மடங்கும், சட்டம் வேகமா எறங்கும். ரெண்டும் நெஜம், ரெண்டையும் தெரிஞ்சுக்குங்க. ஆனா என் அண்ணனக் கொன்னது ரெண்டும் இல்ல. போர்வையிலயும் கால் பட்டையப் போடாம ஓடினா அதே கதிதான். ஒரு தடவ கழட்டினா, மறுபடி மொதல்லேருந்து பாருங்க. மனசு சரியில்லன்னா அன்னிக்குப் பறக்காதீங்க.”

மீதியை நான் சொன்னேன்.

“முனையப் பிடிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பறக்கப் போறவரு போடான்னு சொன்னாலும் போகாதீங்க. கொக்கி மாட்டியிருக்கான்னு பாத்துட்டு, அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் கோவிச்சுக்குங்க.”