செவலைக்கும் இடமுள்ள வீடு

கோடை விடுமுறைக்குச் சேர்வராயன் மலையில் தங்கி, மனம்போல நடக்க வேண்டும் என்பது ராயப்பனின் ஆசை. சேலத்தில் பள்ளி ஆசிரியனான அவனுக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. அம்மாபேட்டை வீட்டில் இன்பமேரியோடு நாலு வார்த்தை பேசுவதற்குள், அம்மா தெரசம்மாள் எதையாவது தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிடுவாள். மலைக்குப் போனால் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே பகலெல்லாம் பேசிக்கொண்டே நடக்கலாம்.

இன்பமேரிக்கும் ஆசைதான். ஆனால், எடப்பாடியிலிருந்து அவளோடு வந்த செவலை நாய் அவள் கையால் போட்டால்தான் சோறு தின்னும். கிறிஸ்துமஸுக்கு அவள் பிறந்த வீடு போய்த் திரும்புவதற்குள் விலா எலும்பு தெரியப் பட்டினி கிடந்தது. மாமியார் வைத்த கறிச்சோற்றை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது வந்தா நானும் வாரேன். இல்லீன்னா நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

ராயப்பனுக்கு நாயின்மேல் வெறுப்பில்லை. தொடமாட்டான், அவ்வளவுதான். ஏற்காட்டில் ஏரிக்கரை விடுதியில் ஆள் விட்டுக் கேட்டான். நாய் கூடாது என்று பதில் வந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தான்.

"இடம் கிடைச்சிருச்சு, மேரி! பங்குச் சாமியாரே ஏற்பாடு பண்ணிட்டார். செவலையைத் தோட்டக்காரர் வீட்டுல கட்டிக்கலாமாம்."

"நாம எங்கீங்க தங்கறது?"

"நான் சாமியாருங்க பங்களாவுல. நீ கன்னியர் மடத்துல. சாப்பாடெல்லாம்..." என்றவன் பாதியிலேயே நின்றுவிட்டான்.

இன்பமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏனுங்க, சாமியார்கிட்டப் போய்க் கேட்டா அவரு வேற எப்படிங்க எடம் பார்ப்பாரு?"

சமையலறையிலிருந்து தெரசம்மாளின் குரல் வந்தது. "டேய் ராயப்பா, அதுக்கு நீ இங்கேயே இருந்துரலாமேடா!"

அன்று பிற்பகலே இருவரும் செவலையோடு கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போனார்கள். மலையடிவாரத்தில் இருந்துகொண்டு தோட்டங்களுக்கு அரிசி பருப்பு ஏற்றி அனுப்பும் உபகாரசாமி, மேரிக்குத் தாய்மாமன். மலையில் அவருக்குத் தெரியாத வீடு கிடையாது.

"ஒரு ஊடு இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றார். "பஸ்ஸை விட்டு எறங்கி அரைப்பொழுது நடக்கோணும். ஆரஞ்சுத் தோட்டத்துக் கடைக்கோடி. சுத்தி ஒரு மனுச வாடை கெடையாது."

ராயப்பனுக்கு அதைவிட நல்ல செய்தி வேறில்லை. "நாயைக் கூட்டிட்டுப் போகலாங்களா?"

"தாராளமா. ஆனா ஒண்ணு. பொழுது சாஞ்சா அதை வெளிய விடப்படாது. சிறுத்தை சுத்தற காடுங்க. ஆட்டைக்கூட உட்டுட்டு நாயைத்தான் தூக்கும்."

"அதுக்குத் தனியா அறை இருக்குங்களா?"

"மொத்த ஊடே ஒரே அறைதானுங்க."

ராயப்பன் மேரியைப் பார்த்தான். அவள் கெஞ்சவில்லை. குனிந்து, செவலையின் காதில் ஒட்டியிருந்த உண்ணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "யோசிச்சுச் சொல்லட்டுங்க மாமா. அவங்க ஊட்டுல நாயை உள்ள உடற வழக்கமில்லை" என்றாள். வேண்டாம் என்றால் சண்டை போடமாட்டாள். பேசாமல் அம்மாபேட்டையிலேயே இருந்துவிடுவாள். மலைப்பாதையில் தன்னந்தனியாக நடப்பதை நினைத்துப் பார்த்தான்.

"மூணு பேர் வாரோம்னு சொல்லிருங்க, மாமா."

"அப்படிச் சொல்லுங்க! அம்மிணி, உன்ற ஊட்டுக்காரரு தேறிட்டாரு!"

மலை அவன் நினைத்ததைவிட அழகாக இருந்தது. முதல் நாளே மிளகுக்கொடி படர்ந்த மரங்களின் கீழ் நெடுந்தூரம் நடந்தார்கள். அவன் பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொன்னான். அவள் சிரித்துச் சிரித்து ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். செவலை முன்னால் ஓடி, ஓடைச் சேற்றில் புரண்டு திரும்பி வந்து, மறுபடி ஓடியது.

பொழுது சாய்ந்ததும் மேரி கதவைத் திறந்து வைத்து அதைக் கூப்பிட்டாள். நிலைப்படிவரை வந்து செவலை நின்றுவிட்டது. குட்டியாக இருந்தபோதே, படி தாண்டினால் விளக்குமாற்றடி என்று எடப்பாடியில் பழக்கி வைத்திருந்தார்கள். என்ன கெஞ்சியும் வாலை ஆட்டியதே தவிர, ஒரு காலைக்கூட உள்ளே வைக்கவில்லை.

கீழே சரிவிலிருந்து மரம் அறுப்பதுபோல ஓர் உறுமல் கேட்டது. செவலை தரையோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அப்போதும் படி தாண்டவில்லை. மேரி தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"ஏனுங்க..."

ராயப்பன் ஒரு கணம்தான் தயங்கினான். வெளியே வந்து குனிந்து, சேறும் ஈரமுமாக இருந்த செவலையை இரண்டு கையாலும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான். மேரி ஓடிப்போய்த் தாழ் போட்டாள். அவன் அப்படியே பாயில் உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டை முழுவதும் செம்மண்.

"எறக்கி உடுங்க. அதான் உள்ள வந்திருச்சில்ல."

"இன்னும் நடுங்குது, மேரி. கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றான்.

அவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் தோளில் தலை சாய்த்துக்கொண்டாள்.