கதவு எந்தப் பக்கம் திறக்கும்

...அப்படியென்றால் காலையில் நான் பாத்திரம் கழுவிவிட்ட தண்ணீர் இந்நேரம் எங்கே இருக்கும், சமையலறைக்கு அடியிலா, வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருக்குமா, பிறந்ததிலிருந்து அந்த வீட்டில்தான் இருக்கிறேன், ஒரு நாளாவது இதை யோசித்தேனா, குழாயைத் திறந்தால் வருகிறது, ஊற்றினால் போகிறது, அதோடு சரி... நகராட்சி அலுவலகத்தில், கட்டட அனுமதி கொடுக்கிற அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பிளம்பர் வரையவைத்துக் கொடுத்த பிளானை மடியில் விரித்துப் போட்டுக்கொண்டு, விரலால் சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போகிறேன். நீலம் வருகிற தண்ணீர், சிவப்பு போகிற தண்ணீர். சிவப்பு மாடியிலிருந்து இறங்கி, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சாமான் அறை வழியாக... அட, தினமும் துடைப்பம் எடுக்கப் போகிற இடத்துக்கு அடியிலா இவ்வளவும் ஓடுகிறது? அந்தச் சாமான் அறையைத்தான் பாத்ரூம் ஆக்கப் போகிறோம். வீடு அப்பா பேரில் இருப்பதால் அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள், வந்திருக்கிறார், இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த பாத்ரூம் அவருக்காகத்தான் என்பது அவருக்கு மட்டும் தெரியாது.

தெரிந்தால் எழுந்து போய்விடுவார். வலது கால் இழுக்க ஆரம்பித்த பிறகும் மாடி அறையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறவர், டாக்டர் வாங்கச் சொன்ன கைத்தடியால் ஒட்டடை அடிக்கிறவர், பிடித்த முயலுக்கு மூணே கால். “படி ஏற முடியாத அன்னைக்கு என்னை எங்கயாவது ஹோம்ல சேர்த்துடு, என் வீட்டை ஆஸ்பத்திரி ஆக்காதே” என்று ஒரு தடவை சொன்னார், சிரிக்காமல் சொன்னார். இருக்கிற பாத்ரூம் இரண்டும் மாடியில். அப்புறம் என் வீட்டுக்காரர்தான் இந்த யோசனையைச் சொன்னார், கீழ் அறையும் பாத்ரூமும் விருந்தாளிகளுக்கு என்று சொல்லிக் கட்டிவிடுவோம், கட்டின பிறகு மெதுவாக அவரை இறக்கிவிடலாம் என்று. அப்பாவும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்து தங்கியிருக்கிறார் என்று ஏன் கேட்கவில்லை... அவர் பஸ் ஓட்டினவர், முன்னால் போகிற வண்டி திரும்பப் போகிறதா என்பதைப் இண்டிகேட்டர் எரிவதற்கு முன்பே சொல்லிவிடுவார். யார் வண்டியில் ஏறினாலும் அவருடைய வலது கால் தானாக பிரேக் மிதிக்கும், சின்ன வயசில் நாங்கள் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்போம். இன்றைக்கு ஆட்டோவில் ஒரு நாய் குறுக்கே ஓடியது, நான் கத்தினேன், அவருடைய கால் அப்படியே கிடந்தது. அவர் அதைக் கவனித்தாரா? நான் கவனித்ததைக் கவனித்தாரா?

கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த இன்ஜினியர் அம்மா, மேஜையில் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், எனக்கோ அந்த அம்மாவின் கண் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதிலேயே ஆர்வம், சிவப்புக் கோட்டில் நிற்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை, வாசலில் போய் நின்றது. “வீட்டுல எத்தனை பேரும்மா?” மூணு பேர் என்றேன். “மூணு பேருக்கு மாடியில ரெண்டு இருக்கு. கீழ எதுக்கு?” விருந்தாளிகளுக்கு. “தனி ரூம், தனி பாத்ரூம், வாசல் பக்கத்துலயே. வாடகைக்கு விடப் போறீங்களா? அப்படின்னா இது வேற அனுமதி, மாசக்கணக்காகும், சும்மா விருந்தாளின்னு எழுதினா நான் திருப்பித்தான் அனுப்பணும்.” போச்சு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. உண்மையைச் சொன்னால் அந்த அம்மா இப்போதே முத்திரை குத்திவிடுவார், ஆனால் அப்பா பேனாவைத் திறக்கவே மாட்டார், சொல்லாவிட்டால் இன்னும் எத்தனை மாதம் அந்தப் படி, அந்தக் கால்... அப்பா என்னைப் பார்க்கவில்லை. பிளானைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து, சாமான் அறைக் கதவின் மேல் விரலை வைத்தார். “இந்தக் கதவு உள்பக்கமாத் திறக்குற மாதிரி போட்டிருக்காங்கம்மா. வெளிப்பக்கமாத் திறக்கணும்.” ஏன் சார் என்றார் இன்ஜினியர் அம்மா. “உள்ள ஆள் விழுந்துட்டா, கதவை அடைச்சுக்கிட்டுத்தான் கிடப்பான். வெளியே இருந்து தள்ளினா அவன் மேலயே இடிக்கும்.” யார் விழப் போகிறார்கள் என்று கேட்டார். “விருந்தாளிதான். வயசான ஆளு.” அந்த அம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார், அப்புறம் நாற்காலிக்கு வெளியே நீட்டியிருந்த அவருடைய வலது காலைப் பார்த்தார். “எத்தனை நாள் தங்குவாரு சார்?” அப்பா பேனாவைத் திறந்தார். “தெரியலம்மா. போற வரைக்கும் இருப்பாரு.”

முதியவர் உபயோகத்துக்கு என்று அந்த அம்மா எழுதிக்கொண்டார், கதவைப் பென்சிலால் வெளிப்பக்கம் திருப்பி வரைந்தார், இந்த மாதிரி விண்ணப்பத்தை உடனே பார்த்துக் கொடுத்துவிடுவோம் என்றார், அப்பா கையெழுத்துப் போட்டார், பழைய அதே கையெழுத்து, கடைசி எழுத்துக்கு நீளமாக வால். எல்லாம் முடிந்துவிட்டது, நான் சந்தோஷப்பட வேண்டும், படுகிறேன், ஆனாலும் திரும்பும்போது ஆட்டோவில் ஒரே கேள்விதான் ஓடுகிறது. எப்போதிலிருந்து தெரியும்? என் வீட்டுக்காரர் அந்த யோசனையைச் சொன்ன அன்றைக்கேவா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம் என்று நாங்கள் இரண்டு பேரும் கெட்டிக்காரத்தனமாக நினைத்துக்கொண்டிருக்க, அவர் இலை முன்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தாரா... அப்பா வெளியே கடைகளைப் பார்த்துக்கொண்டு வருகிறார். “அந்த பிளம்பர்கிட்ட தாழ்ப்பாளைச் சின்னதாப் போடச் சொல்லும்மா, வெளியே இருந்து இழுத்தா பிச்சுக்கிட்டு வரணும்” என்கிறார். சரிப்பா என்கிறேன். முன்பு மழை பிடித்திருந்த ஒரு வாரத்தில் ஒரு நாள், மாடி பாத்ரூமில் அவர் வெகுநேரம் இருந்தார், தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, என்னப்பா என்று கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை, தாழ் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன், “துணி அலசுறேன், போ” என்று குரல் வந்தது, குரல் கொஞ்சம் கீழே இருந்து வந்த மாதிரி இருந்தது, துணி அலச உட்கார்ந்திருப்பார் என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்... அன்றைக்கு அந்தக் கதவு தாழ் போட்டுத்தான் இருந்ததா?