மச்சான் நிற்கும் இடம்

தரைக்குப் பூச்சு அடிப்பது என் தொழில். கிடங்கு, கார் ஷெட், மருந்துக் கம்பெனி என்று இருபது வருடமாக மற்றவர்கள் நடக்கிற இடத்தில் நான் மண்டியிட்டுக் கொண்டிருக்கிறேன். அதனால் தங்கை தன் டிரெய்லரின் பலகைத் தரைக்குப் பூச்சு அடித்துத் தரச் சொன்னபோது, அரை நாள் வேலை என்றுதான் நினைத்தேன்.

"அடியில தெரியுற மாதிரி வார்னிஷ் அடி அண்ணா. அவரு எழுதினது அழிஞ்சிரக் கூடாது," என்றாள். டப்பாவையும் அவளே வாங்கி வைத்திருந்தாள்.

அவர் என்றால் மாப்பிள்ளை, அவள் கணவர். கூட்டங்களுக்கு மைக்செட் வாடகைக்கு விட்டவர். எட்டு மாதத்துக்கு முன் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எந்தச் சாமான் எங்கே நிற்க வேண்டும் என்று டிரெய்லர் தரையில் கறுப்பு மையால் கட்டம் போட்டு எழுதியிருந்தார். ஜெனரேட்டர் இங்கே, ஸ்பீக்கர் அங்கே, வயர் பெட்டி மூலையில். பாரம் பின்னால் கூடிவிட்டால் ஓடும்போது டிரெய்லர் ஆட்டம் போடும், வேனையும் சேர்த்துக் கவிழ்க்கும். சனிக்கிழமை தங்கை முதன்முறையாகத் தனியே ஒரு வாடகைக்குப் போகிறாள். அந்தக் கட்டங்களை நம்பித்தான் ஒப்புக்கொண்டிருந்தாள்.

முன்பக்க மூலையில் இன்னொன்றும் இருந்தது. இரண்டு பாதங்களின் கோடு, அதன் கீழே 'மச்சான், 95 கிலோ'.

மூட்டை நிறுக்கிற தராசில் என்னை ஏற்றிவிட்டு எழுதியது. தொண்ணூறுகூட இல்லை என்று நான் சண்டை போட்டேன். சாமான் ஏற்றும்போதெல்லாம், "மச்சான், நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், போய் உங்க எடத்துல நில்லுங்க," என்பார். வந்தவன் போனவன் எல்லாம் சிரிப்பான். செத்தவர் மேல் கோபப்படக் கூடாது, தெரியும். ஆனாலும் செவ்வாய்க்கிழமை தேய்க்கிற மிஷினை எடுத்ததும் என் கை நேராக அந்த மூலைக்குத்தான் போனது. பூச்சு பிடிக்க லேசாகச் சுரண்டினால் போதும். நான் வெள்ளைப் பலகை தெரிகிற வரை தேய்த்தேன்.

நிமிர்ந்தபோது மனசு திக்கென்றது. வார்னிஷ் அடித்தால் அந்த வழுக்கை என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றை மறைக்க மற்ற எழுத்துகளையும் தேய்த்தேன். எல்லாவற்றின் மேலும் என்னிடமிருந்த சாம்பல் நிறப் பூச்சை இரண்டு கோட் அடித்தேன். தரை அப்பழுக்கில்லாமல் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்து வாசலிலேயே நின்றாள்.

"எழுத்து?"

"பூஞ்சை புடிச்சிருந்துச்சும்மா. விட்டா பலகையே போயிரும்." வாய் கூசாமல் சொன்னேன்.

அவள் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். நாளைக்கு நேரமிருக்காது, இப்போதே ஏற்றிவிடலாம் என்றாள். டிரெய்லரும் சாமான்களும் இருக்கிற ஷெட்டுக்குள் வேன் நுழையாது. டிரெய்லரைத் தனியாக நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும். இருவரும் ஜெனரேட்டரைச் சரிவுப் பலகை வழியாகத் தள்ளினோம். பாதி உள்ளே போனதுமே டிரெய்லரின் முன்பக்கம் எழும்பியது. பதறிப்போய் வெளியே இழுத்தோம். முன்பக்கம் தடாலென்று விழுந்தது.

"நீ உன் எடத்துல நில்லு அண்ணா," என்றாள் மூச்சு வாங்க. "ஜெனரேட்டருக்குச் சக்கரம் இருக்குல்ல, நானே தள்ளிக்குவேன்."

"எந்த எடம்?"

"அதான், தொண்ணூத்தஞ்சு கிலோ. முன்னாடி தூக்கிரக் கூடாதுன்னு அவரு கணக்குப் போட்டு வச்ச எடம். மச்சான் நிக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்லம்பாரு. உன்கிட்ட சொன்னதில்லையா?"

சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நான் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டேன்.

போய் நின்றேன். கால்கள் தேடாமலே இடத்தைக் கண்டுகொண்டன. எத்தனை வருடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற இடம். ஜெனரேட்டர் எப்போதும் என் கை எட்டுகிற தூரத்தில் வந்து நிற்கும். ஸ்பீக்கர் வலது முழங்காலில் இடிக்கும். "இன்னும் கொஞ்சம் தள்ளு... அங்கதான்," என்றேன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "பூஞ்சையெல்லாம் இல்லம்மா. நான்தான் வேணும்னே..."

"தெரியும். வார்னிஷ் டப்பா திறக்காமயே அலமாரியில இருக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பையிலிருந்து கறுப்பு மை பேனாவை எடுத்து ஜெனரேட்டரைச் சுற்றிக் கோடு போட்டாள், ஸ்பீக்கரைச் சுற்றிப் போட்டாள். பிறகு என் காலடியில் உட்கார்ந்தாள்.

"அசையாத." பாதங்களைச் சுற்றி வரைந்து முடித்தாள். நிமிராமலே கேட்டாள், "இப்ப எத்தன கிலோ?"

"நூத்தி ரெண்டு," என்றேன்.