நத்தைத் தொட்டியும் ஒரு தலைக்கட்டும்

மீன் பிடிக்கிற குப்பத்தில் ஒருத்தி நத்தை வளர்த்தால் ஊர் சும்மா இருக்குமா? எங்கள் ஊர் இருக்கவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை.

கோவளத்துக்குத் தெற்கே, ஈசிஆர் ரோட்டிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் எங்கள் குப்பம். என் புருஷன் தீனா கல்பாக்கத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். நடத்தட்டும், மகராசனாக இருக்கட்டும். அவன் போனதோடு படகில் இருந்த பங்கும் போனது. ஏலத்தில் மீன் எடுத்து விற்கலாம் என்றால், பெரிய வியாபாரிகளோடு மல்லுக்கட்ட என்னால் முடியவில்லை.

அப்போதுதான் திருக்கழுக்குன்றத்துச் சந்தையில் ரேணுகா என்கிறவளைப் பார்த்தேன். ஏரியில் பொறுக்கிய நத்தையைக் கூறு கட்டி வைத்திருந்தாள். ஜனங்கள் அடித்துப்பிடித்து வாங்கினார்கள். மாமல்லபுரத்து ஓட்டல்காரர்கூட வண்டி போட்டுக்கொண்டு வருவாராம்.

"ஏரி வத்திட்டா சரக்கு கெடைக்காதுக்கா. அதான் ரோதன," என்றாள்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஏரி வற்றினால் என்ன, வீட்டில் ஒரு தொட்டி கட்டினால் வற்றுமா?

வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி கட்டினேன். எங்கள் மணல் மேட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர். தொட்டியின் அடியில் மண் போடச் சொல்லியிருந்தாள் ரேணுகா. கடற்கரையில் பிறந்தவளுக்கு மண் என்றால் கடல் மணல்தானே! நாலு எட்டு நடந்து அள்ளி வந்து கொட்டினேன். அவள் கொடுத்த நத்தைகளை விட்டதும் எல்லாம் ஓட்டுக்குள் போய் மூடியை இறுக்கிக்கொண்டன. புது இடம், தூங்குகின்றன என்று நினைத்தேன். உப்பு தாங்காமல் செத்துக்கொண்டிருந்திருக்கின்றன, பாவம். பிறகு கிளம்பிய நாற்றம் இருக்கிறதே, கருவாடு காயப்போடுகிற எங்கள் ஊரே மூக்கைப் பொத்தியது.

பக்கத்து வீட்டுக் கார்த்தி வேலிக்கு மேலே தலையை நீட்டினான்.

"இன்னா பவானிக்கா, ஊரையே காலி பண்ணிடுவ போல கீது? சேத்துல பொறுக்குறத நம்ப ஜனம் துன்னுமா?"

"எறா துன்ற, நண்டு துன்ற, நத்தைன்னா மட்டும் கொமட்டுதா ஒனக்கு? மூக்க மூடிகினு போடா!"

வாய் அப்படிப் பேசியதே தவிர, உள்ளே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுவிட்டு எழுந்தேன். மணலை வாரி வெளியே கொட்டினேன். தொட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ரேணுகா ஊர் ஏரியிலிருந்து வண்டல் மண்ணை மூட்டை கட்டி ஷேர் ஆட்டோவில் ஏற்றி வந்தேன். ஆட்டோக்காரர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தடவை அவளிடம் மறுபடி வாங்கி விட்ட நத்தைகள் பிழைத்துக்கொண்டன. மேலே தென்னங்கீற்று நிழல், தின்ன முருங்கைக் கீரையும் பப்பாளி இலையும். சாயங்காலம் போட்ட இலையில் காலையில் நரம்புதான் மிஞ்சும். ஒருநாள் ஈர மண் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக முட்டைகளைப் பார்த்தேன். இனி எவனிடமும் கையேந்த வேண்டாம் என்று தோன்ற, பைத்தியம் மாதிரி தனியாக நின்று சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஊர்ப் பஞ்சாயத்து கூடிவிட்டது. பழைய நாற்றத்துக்குக் கார்த்தி கொடுத்திருந்த பிராது. எங்கள் ஊரில் வரி கொடுக்கிற ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. அது ஆம்பிளை பெயரில்தான் இருக்கும். சபையில் பேச்சும் அவனுக்குத்தான். தீனா ஓடிப்போன பிறகும் அவன் பெயரில் நான்தான் வரி கட்டினேன். கோயிலுக்கு முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருக்க, பெண்களோடு ஓரமாக நின்றேன்.

தலைவர் மாரி தொண்டையைச் செருமினார். "தீனா வூட்டு நத்தைத் தொட்டிய ஒடச்சுடணும். மீன் விக்கிற ஊருல இந்த அசிங்கம் இன்னாத்துக்கு?"

உடைத்தால் முட்டையோடு எல்லாம் போகும். மூன்றாவது தடவை தொடங்க என்னிடம் எதுவும் கிடையாது. முன்னால் வந்து நின்றேன்.

"தீனா வூடு கல்பாக்கத்துல கீது அண்ணாத்த. அங்க தொட்டி இருந்தா போயி ஒடைங்க."

கூட்டம் சிரித்தது. மாரிக்கு முகம் கடுத்தது.

"இன்னா எகத்தாளமா? தொட்டி உன்னுதுதான?"

"என்னுதுதான். உங்க கணக்குல பவானின்னு ஒரு தலைக்கட்டு கீதா? இல்லாதவளுக்கு எப்டி உத்தரவு போடுவீங்க?"

"ஊர வுட்டே தள்ளி வெச்சுடுவோம், ஜாக்கிரத!"

"தள்ளி வெக்கணும்னா, மொதல்ல உள்ள சேத்திருக்கணும்ல?"

"அப்டிப் போடு!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

மாரி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"சரி! இன்னிலேர்ந்து பவானி ஒரு தலைக்கட்டு. வரி அவ பேர்ல. ஊரறிய சொல்லிட்டேன். இப்போ உத்தரவு செல்லும்ல?"

"செல்லும் அண்ணாத்த."

என்னை மடக்கிவிட்ட திருப்தியில் அவர் கூட்டத்தைப் பார்த்து, எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"தொட்டிய ஒடைக்க எல்லா தலைக்கட்டும் ஒத்துக்கிறீங்களா? ஒருத்தர் மாட்டேன்னாலும் தீர்மானம் நிக்காது. அப்டி யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆண்கள் வரிசைக்குள் நடந்தேன். கார்த்தியை நகரச் சொல்லி, அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"பவானி தலைக்கட்டு ஒத்துக்கல," என்றேன்.