அரிவாள் படாத மேடு

1

இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது. ஐஸ்லாந்தில் எங்கள் புல்வெளிகளில் யாரும் அறுக்காத மேடுகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத மக்கள் அங்கே குடியிருக்கிறார்கள், அரிவாள் பட்டால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். நானும் எத்தனையோ கோடையில் டிராக்டரை வளைத்து ஓட்டியிருக்கிறேன். முதலில் அப்படிச் சொன்னது யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

2

"பனி மூடிய பள்ளத்தாக்கில் ஓர் எலும்பு..." (வேண்டாம். எலும்புக்குப் பனி போர்த்தி விற்கிறவர்கள் ஏற்கெனவே நிறைய.)

ஆகஸ்ட் மாதம், நல்ல வெயில். எங்கள் வழக்கம் தெரியாத போலந்துக்காரர் ஒருவர் வடிகாலுக்காக அப்படியொரு மேட்டை வெட்டினார். ஒரு பெண்ணின் எலும்புகள் வந்தன. பண்ணைக்காரி ஸ்டைன்வோருக்கு வயது அறுபத்திரண்டு. அவளுடைய ஆறாம் வயதில் அம்மா ரன்வெய்க் கனடாவுக்கு ஓடிவிட்டதாக அப்பா தோர்கில்ஸ் சொல்லியிருந்தார்.

3

விசாரிக்க வந்த ஹால்பேரா பக்கத்துப் பண்ணையில் வளர்ந்தவள். (துப்பறிகிறவளுக்குக் குடியும் மணமுறிவும் வேண்டும் என்றார் பதிப்பாளர். முழங்கால் வலி மட்டும் கொடுத்தேன்.)

"அந்த மேட்டுல பூப் பறிச்சேன்னு என்னை அறைஞ்சியே, ஞாபகம் இருக்கா?" என்றாள் ஸ்டைன்வோரிடம்.

"இருக்கு. மூக்கு ஒழுக ஓடின. யாரும் அங்க போகக்கூடாதுன்னு அப்பா சொல்லிவெச்சிருந்தாரு."

"எப்போலேருந்து?"

ஸ்டைன்வோர் காபி ஊற்றினாள். "அம்மா போன வருஷத்துலேருந்து. அதுக்கு முன்னாடி அங்க உருளைக்கிழங்கு போட்டிருந்தோம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஐம்பத்தாறு வருடமாக, தான் காவல் காத்தது...

[இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.]

4

முடிவு அ: தோர்கில்ஸ் அழுது ஒப்புக்கொள்கிறார். முடிவு ஆ: அதற்குள் செத்துப்போகிறார். இரண்டுமே அவருக்குத்தான் வசதி. இரண்டையும் அடித்துவிட்டேன்.

மிச்சம் இதுதான். முதியோர் இல்லம். தோர்கில்ஸுக்குத் தொண்ணூற்றொரு வயது, புத்தி தெளிவாகவே இருக்கிறது. தயிரை வழித்துச் சாப்பிடுகிறார்.

"ஏம்ப்பா அம்மாவ அப்படிச் செஞ்சீங்க?"

"இப்ப எதுக்கு அது? நீ நல்லாத்தானே வளர்ந்த."

எங்களில் பெண் பிறந்தால் பாட்டி பெயர் வைப்போம். ஓடுகாலியின் பெயர் என் பிள்ளைக்கு வேண்டாம் என்று ஸ்டைன்வோர் மூன்று முறை மறுத்தவள். மூன்றும் பெண்கள். அப்போதெல்லாம் அப்பா பக்கத்தில்தான் இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

சாப்பிட்டு முடித்தவர், மகள் துடைத்துவிடுவாள் என்று வாயை நீட்டுகிறார். துண்டு அவள் கையில் இருக்கிறது.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். அது உங்கள் அப்பாவின் வாய் என்று வைத்துக்கொண்டு நீங்களே எழுதுங்கள்.